தேங்காய் எண்ணெய் காய்ச்சப் போகும் தம்பிக்கு

தம்பி, குளிர் நாட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, கடை எண்ணெயில் வாசனையே இல்லை, வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தச் சட்டி வாங்குவது, கொப்பரையா தேங்காய்ப்பாலா, தலைக்கு எது நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சட்டி அடி கனமாக இருந்தால் போதும். தலைக்கு எது நல்லது என்பதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள், நான் அதற்குள் போகவில்லை. செக்கு இல்லாத வீட்டில் கொப்பரை வேண்டாத வேலை. பாலைக் காய்ச்சுங்கள். ஆனால் காய்ச்சுவதற்கு முன் நான் சொல்வதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் நான்கு பேர் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடிவிட்டு அடுப்பில் தேங்காய்ப்பாலை வைத்தேன். முக்கால் மணி நேரம் கிண்டியும் பால் பாலாகவே கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் நேரமாகும் என்று நினைத்துக் குளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பாலிலிருந்து திரண்டு அடியில் தங்கிய கசடு கருகி, வீடெல்லாம் புகை. புகை அலாரம் அலறியது. கட்டிடத்தில் இருந்த அத்தனை பேரும் கைக்குழந்தைகளோடு பனியில் போய் நின்றார்கள். அதைவிட மோசம், எங்களில் ஒருவர் ஒரு குவளைத் தண்ணீரோடு சட்டியை நோக்கி ஓடி வந்தது. இன்னொருவர் அவர் கையைத் தட்டிவிட்டு மூடியை எடுத்துச் சட்டியின் மேல் கவிழ்த்தார். அந்தத் தண்ணீர் விழுந்திருந்தால் எண்ணெய்க்கு அடியில் போய், அங்கேயே ஆவியாகி, கொதிக்கும் எண்ணெயை வீசி எறிந்திருக்கும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், அடுப்பை அணையுங்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தண்ணீர் மட்டும் கூடவே கூடாது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் புரிந்தது. பாலில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், நமக்கும் அசதி வந்துவிடும். தண்ணீர் வற்றியதும் சூடு கிடுகிடுவென்று ஏறும். சுமார் 175 டிகிரியில் எண்ணெய் புகையத் தொடங்கிவிடும், கசடு அதற்கும் முன்பே கருகிவிடும். இடையில் சில நிமிடங்கள்தான். மின்சார அடுப்பாக இருந்தால் இன்னும் கவனம். அணைத்த பிறகும் அதன் தட்டு சூடாகவே இருக்கும், சட்டியை இறக்கிப் பக்கத்தில் வைத்தால்தான் கொதி அடங்கும்.

இதற்குப் பயந்து சீக்கிரம் இறக்கினாலும் தப்பு. அடுத்த முறை நான் அதைத்தான் செய்தேன். எண்ணெயில் ஈரம் தங்கிவிட்டது. கொஞ்ச நாளிலேயே சிக்கு வாடை அடித்து, வாயில் வைத்தால் சோப்பு மாதிரி இருந்தது. ஈரம் கொழுப்பை உடைத்து அமிலமாக்கிவிடுகிறது, அந்தச் சுவைதான் அது. வடிகட்டும் துணி, பாட்டில், கரண்டி எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும்.

தேங்காயைப் பார்த்து வாங்குங்கள். இங்கே வந்து சேர்வதற்குள் அது பல வாரம் பயணப்பட்டிருக்கும். ஆட்டினால் தண்ணீர் குலுங்க வேண்டும், மூன்று கண்களும் காய்ந்திருக்க வேண்டும். உடைத்ததும் பருப்பில் மஞ்சளோ கருப்போ பூஞ்சையோ தெரிந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்த இடத்தை மட்டும் சீவிவிட்டுக் காய்ச்சுகிறவர்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு வயிறு எரியும். பூஞ்சை விடுகிற நஞ்சு கொதிக்க வைத்தால் போய்விடாது. டின்னில் வரும் தேங்காய்ப்பாலையும் நம்பாதீர்கள். பிரியாமல் இருப்பதற்காகவே பல டின்களில் பசை சேர்க்கிறார்கள், அதை வைத்து மூன்று டின்னை வீணடித்தேன்.

மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. ஒரு காயில் 300 கிராம் பருப்பு இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கொழுப்பு. கையால் பிழிந்து காய்ச்சினால் 50, 60 கிராம் எண்ணெய் தேறும். வாசனைக்காகச் செய்யுங்கள், அதற்கு எத்தனை பாடும் தகும்.

எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிட்டதே என்று நாளைக்கு நீங்களே கேட்பீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு. இருபது வருடம் இங்கே இருந்துவிட்டு இன்னமும் "உறைந்தால் கலப்படம்" என்று புதிதாக வருகிறவர்களைக் குழப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். வந்த நாட்டின் குளிரைப் புரிந்துகொள்ள மறுக்கிறவர்களிடம் யோசனை கேட்காதீர்கள். நான் குறுகிய வாய்ப் பாட்டிலை விட்டுவிட்டு அகல வாய்க் கண்ணாடி ஜாடிக்கு மாறினேன், கரண்டியால் சுரண்டி எடுத்துக்கொள்கிறேன். சட்டியில் ஒட்டிய எண்ணெயை மட்டும் சிங்கில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் போய் அங்கேயும் உறையும். அடைப்பு எடுத்த கூலியை வீட்டுக்காரர் எங்கள் முன்பணத்தில் கழித்துக்கொண்டார். காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

எப்போது இறக்குவது என்பதைக் கண்ணால் கற்றுக்கொள்ள எனக்கு வரவில்லை. மூன்றாவது தடவை அம்மாவுக்குப் போன் போட்டேன். கசடு என்ன நிறம் என்று கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "போனைச் சட்டிகிட்ட வை" என்றார்கள். கை சுடச்சுடப் பிடித்துக்கொண்டு நின்றேன். சடசடவென்று வெடித்துக்கொண்டிருந்த சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, ஓரத்தில் மட்டும் நொறுநொறுத்தது. அவ்வளவு தூரத்திலிருந்து, "இப்ப இறக்கு, இப்பவே இறக்கு" என்றார்கள். இறக்கிப் பார்த்தால் கசடு பொன்னிறம், எண்ணெய் கண்ணாடி மாதிரி தெளிவு. அம்மா இப்போது இல்லை. நான் இன்றைக்கும் காய்ச்சும்போது ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.