ராத்திரியில் டாக்டர் இல்லாத கிராமத்தில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது?

பக்கத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி சாயங்காலத்தோடு பூட்டிவிடுகிறது, ராத்திரி ஏதாவது ஆனால் எங்கே ஓடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. வீட்டு வாசலில் ஒரு கார் நிற்பதால், ராத்திரியில் கதவு தட்டப்படுகிற ஆள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு ராத்திரி 2:10 இருக்கும். "அண்ணே, மாமாவுக்கு வலது கை தூக்க வரலண்ணே, பேச்சும் குழறுது" என்று பக்கத்துத் தெரு மருமகன் வந்து நின்றார். 10 நிமிடத்தில் கிளம்பி, 2:50க்கு இருப்பதிலேயே கிட்டத்தில் உள்ள, ராத்திரியிலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அங்கே சிடி ஸ்கேன் கிடையாது. பார்த்து, சீட்டு எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப 20 நிமிடம். அங்கே போய்ச் சேர்ந்தபோது 3:50. டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?"

"ரெண்டு மணிக்குத்தான் சார்..." என்று மருமகன் ஆரம்பிக்க, மகள் மெதுவாக, "இல்ல, பத்தரைக்கே கையில இருந்து டம்ளர் நழுவுச்சு. மரத்துப்போச்சுன்னு தேய்ச்சு விட்டுப் படுக்க வச்சோம்" என்றார்.

பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பத்தரையிலிருந்து எண்ணினால் 3 மணியோடு அது முடிந்துவிட்டது. நான் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரோட்டில் போனது 1 மணி 10 நிமிடம். வீட்டுக்குள் போனது 3 மணி 40 நிமிடம்.

1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிரசவ மரணங்கள் ஏன் நடக்கின்றன என்று ஆராய்ந்து, தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில். அந்த ராத்திரி மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். ரோடும் டாக்டரும் நம் கையில் இல்லை. அவற்றுக்காகக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதல் தாமதம் மட்டும் நம் வீட்டுச் சமாச்சாரம். "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்பதற்குப் பயம் மட்டும் காரணமில்லை, கூச்சமும்தான். இந்த நேரத்தில் அடுத்தவரை எழுப்புவதா, போய் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? என்னைக் கேட்டால், ஒன்றுமில்லை என்று திரும்பி வந்த ராத்திரிகள்தான் நல்ல ராத்திரிகள்.

விடியும் வரை வைத்திருக்கக் கூடாதவை சில உண்டு. முகம் கோணுவது, ஒரு பக்கம் கைகால் விழுவது, பேச்சுக் குழறுவது. வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் வலி. வாயுத் தொல்லை என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். மூச்சு வாங்குவது. நிற்காத வலிப்பு. பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கு. இதில் இரண்டு மணி நேரத்துக்குள்கூட உயிர் போகலாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல். பாம்புக்கடி, கடித்ததா இல்லையா என்ற சந்தேகம் இருந்தாலும். கட்டுவிரியன் தூங்குகிறவரைக் கடித்தால் வலியும் தெரியாது, தடமும் சரியாகத் தெரியாது. இமை சரியத் தொடங்கும்போதுதான் தெரியும். கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல், ஆளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அடுத்தது எங்கே போவது. கிட்டத்து ஆஸ்பத்திரி என்பதைவிட, அந்த நோய்க்கு வேண்டியது ராத்திரியில் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று பாருங்கள். பக்கவாதத்துக்கு சிடி ஸ்கேன் இல்லாமல் அந்த ஊசி போட மாட்டார்கள், மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்று அது இல்லாமல் தெரியாது. அதனால்தான் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கவும் கூடாது. மாரடைப்புக்கு அப்படியில்லை. ஈசிஜி எடுத்து, அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே போட்டு மேலே அனுப்ப முடியும். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருப்பு இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு பகல் வேளையில் நேரில் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். போர்டில் "24 மணி நேரம்" என்று போட்டிருப்பதை நம்பிப் போய், வாட்ச்மேனை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். ரொம்ப நேரம் ஆகும் என்றால், நாம் பாதி தூரம் வண்டியில் போய் எதிரே வரும் ஆம்புலன்ஸில் மாற்றிவிடலாமா என்று அவர்களையே கேட்கலாம். மூச்சுத் திணறுகிறவரைக் காரின் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு போவதைவிட ஆக்சிஜன் எதிரே வருவது நல்லது.

போனில் டாக்டர் கிடைத்தால் அது சின்ன உதவி இல்லை. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் 1928-ல் விமானத்தில் டாக்டர் போகும் சேவை தொடங்கியது. 1942 முதல் அவர்கள் தூரத்துப் பண்ணைகளுக்கு ஒரு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். மருந்தின் பேர் வாயில் நுழையாவிட்டாலும், டாக்டர் ரேடியோவில் சொல்கிற எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடலாம். நம்மிடம் அந்தப் பெட்டி இல்லை. ஆனால் "அந்த வெள்ளை மாத்திரை சார், சின்னது" என்று போனில் திணறாமல் இருக்க ஒரு வேலை செய்யலாம். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் சீட்டுகளையும் போட்டோ எடுத்து, இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். காரை வாசலில் ரோட்டைப் பார்த்தபடிதான் நிறுத்துவேன். கதவு தட்டினால், என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டுக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்வேன்.