சிடியில் தெரியாத நட்சத்திர ஆட்டம்

கேள்வி: சிடியைச் சாய்த்துப் பிடித்தாலே வானவில் தெரிகிறது. சிலி நாட்டு லா சில்லா மலையில் நட்சத்திர ஒளியை ஆராயும் ஹார்ப்ஸ் கருவிக்கு மட்டும் 84 செ.மீ. நீளக் கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கோடு போட்ட தகடு) எதற்கு?
– வாசகி, தேனி

பதில்: வண்ணம் பார்க்கத்தான் சிடி போதும். ஹார்ப்ஸ் தேடுவது நட்சத்திரத்தின் ஆட்டத்தை. கோள் ஒன்று சுற்றும்போது நட்சத்திரமும் லேசாக ஆடும், விநாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நடக்கிற வேகம்கூட இல்லை. அப்போது நட்சத்திர ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் வண்ணப்பட்டையான நிறமாலையில் கருங்கோடு நகர்வது, அதைப் படம்பிடிக்கும் கேமராவின் ஒரு பிக்ஸலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

சிடியில் ஒரு மி.மீ.க்குச் சுமார் 625 தடங்கள். ஹார்ப்ஸ் கீற்றணியிலோ 31.6 கோடுகள்தான்! கோடு நெருங்கினால்தான் துல்லியம் என்று என் மாணவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் கீற்றணியின் இரு முனைகளிலிருந்தும் திரும்பும் ஒளி எவ்வளவு முன்பின்னாக வந்து சேர்கிறது என்பதில்தான் சூட்சுமம்; அந்த வித்தியாசம் கூடக்கூடத் துல்லியம் கூடும். ஹார்ப்ஸில் ஒளி சுமார் 75 டிகிரி சாய்வில் விழுவதால், அந்த வித்தியாசம் 1.6 மீட்டர். நீளமும் சாய்வும் சேர்ந்து செய்கிற வேலை இது.

இவ்வளவு நீளத்தை ஒரே மூச்சில் வரைவது பெரும்பாடு. பெரிய கீற்றணி என்றால் அலுமினியப் பூச்சில் வைரமுனை வாரக்கணக்கில் கோடு இழுக்க வேண்டும். அறையின் வெப்பம் துளி மாறினாலும் கோடு பிசகும். அதனால் ஹார்ப்ஸில் மூலக் கீற்றணியிலிருந்து இரண்டு நகல்களை அச்செடுத்து, வெப்பத்தில் அநேகமாக விரியாத ஸெரோடூர் என்ற கண்ணாடிப் பீங்கான் கட்டை ஒன்றின் மேல் அடுத்தடுத்துப் பதித்திருக்கிறார்கள். எங்கள் பள்ளி ஆய்வகத்துச் சின்னக் கீற்றணியிலேயே விரல் பட்டால் நான் பதறிவிடுவேன்; பட்ட ரேகையைத் துடைக்கப்போனால் கோடே போய்விடும். அப்படியிருக்க, அந்த இரண்டையும் பிசகாமல் பொருத்திய கைகளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அப்புறம், தொலைநோக்கி ஆடியின் அளவு. காற்றுமண்டலம் நட்சத்திரத்தை மங்கலான வட்டமாக்கிவிடுகிறது. அந்த வட்டத்தின் ஒளி முழுவதும் வேண்டும், துல்லியமும் குறையக்கூடாது என்றால், ஆடி வளரும் விகிதத்தில் கீற்றணியும் வளர வேண்டும். ஹார்ப்ஸ் இணைந்த தொலைநோக்கியின் ஆடி 3.6 மீட்டர். சிலியிலேயே எழும்பிவரும் 39 மீட்டர் தொலைநோக்கிக்கு இதே கணக்கைப் போட்டால், கீற்றணி 9 மீட்டர் நீளம் வரும்! அப்படி ஒன்றைச் செய்ய ஆளில்லை. அதனால் ஒளிக்கற்றையையே துண்டு போடுகிறார்கள். பரனல் மலையின் 8.2 மீட்டர் தொலைநோக்கிகளில் இயங்கும் எஸ்பிரெஸ்ஸோ என்ற கருவி, கற்றையை இரண்டாகப் பிளந்து, மூன்று நகல்களைச் சேர்த்த 1.2 மீட்டர் கீற்றணியிலேயே ஹார்ப்ஸைவிட நுணுக்கமாகப் பிரித்துக்காட்டுகிறது.