சாதத்தை விட்டேன், சர்க்கரை குறையவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது; அதற்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாகக் காலையில் இட்லிக்குப் பதில் ராகிக் கஞ்சி, இரவில் சாதத்துக்குப் பதில் மூன்று சப்பாத்தி. ஆனாலும் காலை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240 காட்டுகிறது. மதியச் சாதத்தையும் விட்டுவிட வேண்டுமா டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. சாதம் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. அதை விடாமலே இதைச் சரிசெய்யப் பார்க்கலாம்.

முதலில் கஞ்சி. ராகி நல்ல தானியம்தான், கால்சியம் நிறைய உண்டு. ஆனால் 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதை நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சிக் குடிக்கும்போது வயிற்றுக்கு வேலையே இல்லை. விறுவிறுவென்று ரத்தத்தில் சேர்ந்துவிடும். உங்கள் 240-க்கு இந்தக் கஞ்சிதான் காரணம் என்று நினைக்கிறேன். அதே ராகியை முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டுங்கள். இரண்டு சின்ன அடை, கூடவே ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். இட்லியே வேண்டுமென்றால் இரண்டோடு நிறுத்தி, கெட்டியாகப் பருப்பும் காயும் போட்ட சாம்பாரை நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள்.

சப்பாத்தி பற்றி ஒரு வார்த்தை: மூன்று சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்து கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் சாதத்துக்குச் சமம். அதனால் அதில் பெரிய லாபம் எதுவும் இல்லை.

மதியத்துக்கு வருவோம். நம் வீடுகளில் மலைபோலச் சாதம், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். அதைத் திருப்பிப் போடுங்கள். தட்டில் பாதி கீரை, அவரை, கோஸ் போன்ற காய். கால் பங்கு மீன், முட்டை, பயறு. மீதிக் கால் பங்கு சாதம். உருளையும் சேனையும் காய்க் கணக்கில் வராது, சாதக் கணக்கில்தான் வரும். அப்புறம், காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்தைக் கடைசியில் சாப்பிடுங்கள். நார்ச்சத்தும் புரதமும் முன்னே போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். சாப்பிட்டதும் படுக்காமல் 15 நிமிடம் நடங்கள். தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சாதம், டிபனை எல்லாம் திடீரென்று அடியோடு நிறுத்தினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றிலும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்து, என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு எழுதி வையுங்கள். சாப்பிட்ட பின் 180-க்குள் வந்தால் நல்லது. வராவிட்டாலும், வெறும் வயிற்றிலேயே 130-ஐத் தாண்டினாலும், அந்த நோட்டுடன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.