நம்பர் சரி, கார்டு?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. கோடை விடுமுறையில் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு வேலை பார்த்துச் சேர்த்த 2,800 டாலரைக் கொடுத்து, ஃபேஸ்புக்கில் பழக்கமான ஒருவரிடம் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் படம் போட்ட சேகரிப்புக் கார்டு வாங்கினான். ஃபிளியர் கம்பெனியின் 1986 கார்டு, கார்டுகளைச் சோதித்துப் பத்துக்கு இத்தனை என்று தரம் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 8 கிரேடு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் லேபிளோடு இருக்கிறது. லேபிள் நம்பரை பி.எஸ்.ஏ. இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம், சரியாகத்தான் காட்டியது. ஆனால் இங்கே ஒரு கார்டு கடைக்காரர் கையில் வாங்கியதுமே உதட்டைப் பிதுக்கிவிட்டார். நம்பர் சரியாக இருக்கும்போது கார்டு எப்படிப் போலியாகும்? ‘அடுத்த மாதம் கார்டு விற்கிற ஷோவில் விற்றுவிடலாம்’ என்கிறான் மகன். ஏழு படங்கள் அனுப்பியிருக்கிறேன். (வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: அம்மா, திருட்டு வண்டியில் அடுத்தவர் வண்டியின் நம்பர் பிளேட்டை மாட்டிவிட்டால், ஆர்.டி.ஓ. ஆபீசில் அந்த நம்பர் சரியாகத்தான் இருக்கும். இங்கேயும் அதே கதை. ஏலத்தில் விற்ற நிஜக் கார்டின் படம் இணையத்தில் கிடக்கிறது. லேபிளில் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. அதைப் பார்த்து லேபிள் அடித்து, உள்ளே போலிக் கார்டை வைத்துக் கூட்டை ஒட்டிவிடுகிறார்கள். ஒரே நம்பரில் பத்துக் கூடு செய்தாலும் இணையதளம் பத்துக்கும் ஆமாம் சாமி போடும்.

நானே இதில் வாங்கிக் கட்டிக்கொண்டவன். சில வருஷம் முன்னால் பென்சில்வேனியாவில் ஒரு ஷோவில், அப்பர் டெக் கம்பெனி 1989-ல் போட்ட, பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியர் கார்டு வாங்கினேன். 10 கிரேடு. அங்கேயே போனில் நம்பரைத் தட்டி, சரி என்று வந்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு மேஜையில், அதே கார்டு, அதே நம்பர். முப்பது வருஷம் அச்சாபீசில் கிடந்தவன், கார்டைப் பார்க்காமல் நம்பரைப் பார்த்து ஏமாந்தேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

உங்கள் படங்களுக்கு வருகிறேன். நாலாவது படத்தில் கூட்டின் கீழ் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பி.எஸ்.ஏ. கூட்டை மீயொலியால் உருக்கி ஒட்டுகிறார்கள். ஒட்டு சீராக இருக்கும். உங்களுடையதில் வலது மூலையிலிருந்து ஒரு அங்குலத்துக்கு உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. திறந்து மூடிய கூட்டிலோ, பசை வைத்து ஒட்டியதிலோதான் இப்படி வரும்.

அதைவிட ஆறாவது படம். போனைப் பூதக்கண்ணாடி லென்ஸ் மேல் வைத்து உங்கள் மகன் எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரப் பையன், வாங்குவதற்கு முன்னால் எடுத்திருக்கலாம்! சிவகாசியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவர், சந்தையில் நன்றாக ஓடுகிற தீப்பெட்டி லேபிள் ஒன்றைக் கொண்டுவந்து ‘இதே மாதிரி அடித்துக் கொடு’ என்பார். ஒரிஜினல் நெகட்டிவ் கிடையாது. அச்சான லேபிளையே கேமராவில் பிடிக்க வேண்டும். படம் ஏற்கெனவே புள்ளி புள்ளியாகத்தான் அச்சாகியிருக்கும். அதன்மேல் இன்னொரு தரம் புள்ளி விழுந்தால், பட்டுப்புடவையை வெயிலில் ஆட்டினால் ஓடுகிற மாதிரி ஓர் அலை தெரியும். எழுத்தும் கெட்டுப்போகும். ஒரிஜினலில் எழுத்து ஒரே மையில், கெட்டியாக, ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். நகலில் அந்த எழுத்தே சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். உங்கள் ஜோர்டன் கார்டில் எழுத்தைச் சுற்றி அந்தப் புள்ளிகள் கும்பலாக நிற்கின்றன.

படத்தை வைத்துச் சொல்வது முடிந்த தீர்ப்பு ஆகாது. ஒரு காரியம் செய்யுங்கள். அந்த 1986 ஃபிளியர் செட்டில் மொத்தம் 132 கார்டு. ஜோர்டன் 57-ஆம் நம்பர். பெயர் தெரியாத ஆட்டக்காரர் கார்டு ஒன்று அதே செட்டில் சில டாலருக்குக் கிடைக்கும். அதே அட்டை, அதே மை. அதையும் ஜோர்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள். கூடவே அந்த நம்பரைப் பழைய ஏலப் படங்களில் தேடி, நாலு பக்க பார்டரும் உங்கள் கார்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அச்சில் நகர்ந்த பார்டர் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மாதிரி. நம்பரைத் திருடலாம், பார்டரைத் திருடுவது கஷ்டம்.

கூட்டை மட்டும் உடைத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

பணம் எப்படிப் போனது என்று எழுதவில்லை. பேபாலில் ‘பொருள் வாங்க’ என்று போட்டிருந்தால் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். ‘கமிஷன் மிச்சம், நண்பருக்கு என்று அனுப்பு’ என்று விற்றவர் சொல்லி அப்படி அனுப்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எப்படியானாலும் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்தில் பதிவு செய்யுங்கள். உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஷோவில் விற்பது பற்றி: கூடாது. தெரியாமல் வாங்கியவன் ஏமாந்தவன். தெரிந்த பிறகு விற்றால் அவனே ஏமாற்றுக்காரன், சட்டமும் அப்படித்தான் பார்க்கும். 2024 மே மாதம் நியூயார்க்கில் மத்திய அரசு வழக்கறிஞர்கள், வாஷிங்டன் மாநிலத்து ஆட்கள் இருவர் மீது, போலிக் கிரேடு கார்டுகளால் 20 லட்சம் டாலருக்கு மேல் சுருட்ட முயன்றதாகக் குற்றம் சாட்டினார்கள். அந்தக் கார்டுகளிலும் இந்த ஜோர்டன் இருந்தார். உங்கள் மகன் போகிற ஷோவில் அவனை மாதிரியே இன்னொரு பையன் சேமிப்போடு நிற்பான் என்று சொல்லிப் பாருங்கள். 16 வயதில் அது புரியும்.

கேள்வி: கூடும் லேபிளும் அசல் என்று உறுதியானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்தானே? (வாசகர், டொராண்டோ)

பதில்: உங்கள் நாட்டுக்காரர் கதையையே சொல்கிறேன் தம்பி. 1991-ல் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் அப்போதைய முதலாளி புரூஸ் மெக்நாலும் சேர்ந்து, சிகரெட் பெட்டியோடு 1909 முதல் 1911 வரை வந்த வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் கார்டு ஒன்றை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. கிரேடு போட்ட முதல் கார்டு அதுதான். நம்பர் 1, கிரேடு 8. கை மாறி மாறி 2007-ல் 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013-ல் ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஏலத்தில் கள்ள விலை ஏற்றிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்தக் கார்டின் ஓரத்தை வெட்டியது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கூடு அசல், லேபிள் அசல், கார்டும் அசல். ஓரம் மட்டும் புதிது.

எங்கள் அச்சாபீஸ் கட்டிங் மிஷின்காரர் விரலால் தடவியே சொல்லிவிடுவார், இது பழைய வெட்டு, இது நேற்றைய வெட்டு என்று. கூட்டுக்குள் இருப்பதைத் தடவ முடியாது, பார்க்கலாம். மூன்று ஓரம் மழுங்கி, ஒன்று மட்டும் பிளேடு போட்ட மாதிரி நிற்கிற பழைய கார்டுக்கு நான் விலை கேட்பதே இல்லை.