மாநகராட்சிப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள் என் மகள். இன்ஜினீயரிங் சேர, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை.

பதில்: கிடைக்காதும்மா. சம்பளம் அரசு கொடுத்தாலும் அது அரசுப் பள்ளி ஆகாது. மாநகராட்சிப் பள்ளி என்றால் கணக்கில் வரும். வடசென்னையில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

கல்விக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழை விட்டுவிடாதீர்கள். ரேஷன் ஸ்மார்ட் கார்டு, உறுதிமொழி, குடும்பத்தாரின் டி.சி.யோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஒரு தாளில் 'கே. மீனா', இன்னொன்றில் 'மீனா கே.' என்றிருந்தாலே இழுத்தடிப்பார்கள்; முதலில் அதைச் சரிபாருங்கள். கவுன்சலிங்கில் எடுத்த இடத்துக்குத்தான் இந்தச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குச் செல்லாது.

கல்லூரி சேரும் மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. 2024-25 முதல் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளும் இதில் சேர்க்கப்பட்டார்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். பணம் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். பள்ளியில் தொடங்கிய கணக்கு முடங்கிக் கிடந்தால், சேர்க்கைக்கு முன்பே வங்கியில் அடையாள, முகவரி ஆவணங்களை (கே.ஒய்.சி.) கொடுத்து உயிர்ப்பித்துவிடுங்கள்.