மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இயற்கை முறை ஏலத்தோட்டம் பார்க்கத் தகுந்ததா, இல்லை வெறும் கடைதானா?

தாராளமாகப் போகலாம். குமுளிக்குப் போங்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாக சுமார் நான்கு மணி நேரம். விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். டிக்கெட் போட்டு உள்ளே விடும் தோட்டங்கள் அங்கே நிறைய உண்டு. தமிழிலேயே விளக்கிச் சொல்வார்கள்.

ஆனால் எல்லாமே ஒரே தரம் இல்லை. சில இடங்களில் ஏலம், மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் என்று வகைக்கு ஒன்றாக நட்டுவைத்து, பெயரைச் சொல்லி, சீக்கிரமே கடைக்குள் கொண்டுபோய் விடுவார்கள். அதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். காய் எடுத்து விற்கிற தோட்டமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மார்கழி, தையில் போவது நல்லது. ஏலக்காய் எடுப்பும் நடக்கும், மிளகும் பழுக்க ஆரம்பித்திருக்கும். ஆனி, ஆடியில் மழையும் அட்டையும் பாடாய்ப் படுத்தும்.

ஏலச்செடி ஆளை விட உயரமாக வளரும். நான் பார்த்த தோட்டத்தில் காயைத் தேடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தபோது, காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "கீழ பாருங்கண்ணே, தூர்லதான் இருக்கும்" என்றார். அடித்தூரிலிருந்து தரையோடு ஓடும் தண்டில் பூவும் பிஞ்சும் காயும் ஒன்றாக இருந்தன. வெள்ளைப் பூ, நடுவில் ஊதாக் கோடுகள், அதில் தேனீ. தேனீ வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். கண்டபடி மருந்தடித்தால் முதலில் போவது அந்தத் தேனீதான். முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்கிறார்கள். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி வரும் பெண்கள்தான் இந்த வேலையில் அதிகம். ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசும்போது அவர்கள் கூலியையும் நினைக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இயற்கை முறை என்று போர்டு வைத்திருந்தால் சான்றிதழைக் கேட்கத் தயங்காதீர்கள். ஏலம் மாதிரிப் பல வருடப் பயிருக்கு, ரசாயனத்தை நிறுத்தியபின் பொதுவாக 3 வருடம் கழித்துத்தான் சான்று கிடைக்கும். உண்மையாக நடத்துபவர்கள் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள்.

கடையில் வாங்கும்போது ஒரு விஷயம். தோலில் சொறி பிடித்தது போலத் தழும்பு இருக்கிற ஏலக்காயை ஒதுக்காதீர்கள். அது இலைப்பேன் என்கிற பொடிப் பூச்சி சுரண்டிய தடம். மாசு மருவில்லாத பச்சைக் காய்தான் வேண்டும் என்று நாம் கேட்பதும் அங்கே மருந்தடிப்பு கூடுவதற்கு ஒரு காரணம். ஒரு காயை உடைத்துப் பாருங்கள். உள்ளே விதை கறுப்பாக, லேசாகப் பிசுபிசுப்போடு இருந்து மணம் தூக்கினால் நம்பி வாங்கலாம். சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு என்று அங்கேயே விற்கும் எண்ணெய்களையும் பொடிகளையும் மட்டும் விட்டுவிடுங்கள்.