கொடுத்தவரை எதிர்க்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஓர் ஊர்வலத்துக்குப் போயிருந்தேன். சிறு தொழிலாளர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க என்றுதான் அழைத்தார்கள். வண்டிக்கும் பதாகைகளுக்கும் பணம் கொடுத்தது, புதிய சட்டத்தால் நஷ்டப்படப்போகும் ஒரு நிறுவனம் என்று பிறகு தெரிந்தது. கூசிப்போனேன். இப்போது எந்தப் போராட்டத்தைப் பார்த்தாலும் ‘பின்னால் யார்?’ என்றே தோன்றுகிறது. பணக்காரர்கள் பின்னால் இல்லாமல் ஏழைகளால் தாங்களாகவே இத்தனை ஒழுங்காகப் போராட முடியாது என்கிறார் என் நண்பர். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அமெரிக்காவில் வரிக்கும் அரசுச் செலவுக்கும் எதிராக எழுந்த டீ பார்ட்டி, பெருநிறுவனங்களின் ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த ஆக்குபை வால் ஸ்ட்ரீட் இரண்டில் எது உண்மையான மக்கள் இயக்கம்? அடுத்த மாதம் வேறோர் ஊர்வலம் இருக்கிறது. போகலாமா?

அருண்

அன்புள்ள அருண்,

முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். பிறருக்காகத் தெருவில் இறங்கியவர் நீங்கள். கூச வேண்டியவர்கள் வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வீட்டில் இருந்தவர்கள். அவர்கள் கூசவும் மாட்டார்கள். 2017இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரசபையில் ஒரு மின்நிலையத்தை ஆதரித்துப் பேச ஆரஞ்சுச் சட்டை அணிந்த ‘பொதுமக்கள்’ வந்து நிறைந்தார்கள். அவர்களில் பலர் கூலிக்கு வந்த நடிகர்கள். கைதட்ட 60 டாலர், எழுந்து பேச 200 டாலர். அடுத்த ஆண்டு குட்டு வெளிப்பட்டது. மின் நிறுவனத்துக்கு 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். மின்நிலையமோ கட்டி முடிக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அபராதத்தையும் கட்டுமானச் செலவில் ஒன்றாகவே எழுதிக்கொள்ளும் ஆட்கள் இவர்கள். உங்கள் ஒருவரை ஏமாற்றுவது அவர்களுக்கு எம்மாத்திரம்?

ஆனால் உங்கள் நண்பரின் வாக்கியத்தை ‘எனக்கும் சரியென்றே படுகிறது’ என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏமாந்த கோபத்தில் எழுதியிருப்பீர்கள். இருந்தாலும் அது அகம்பாவம். மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருந்தும் சமாளிக்கிற பெண்ணுக்குக் கணக்குத் தெரியாது, ஒழுங்கு தெரியாது, பத்துப்பேரைச் சேர்க்கத் தெரியாது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரின் கறுப்பின மக்கள், பஸ்ஸில் நிறம் பார்த்து இருக்கை பிரிப்பதை எதிர்த்து, பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார்கள். 381 நாட்கள் ஏறவில்லை. வேலைக்குப் போக நூற்றுக்கணக்கான கார்களை முறைவைத்து ஓட்டினார்கள். எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு ஏறுவது என்று அட்டவணையே இருந்தது. அந்த வண்டிகளின் பெட்ரோலுக்குப் பணம் சேர்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக வேலையை இழந்தவர். பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் உணவும் செய்து விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தும் இல்லாதவர்களின் சங்கம்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று பொய்யில்லாமல் சொல்லலாம் அல்லவா! இந்தக் குறும்பை எந்த முதலாளி வந்து கற்றுக்கொடுத்தார்?

மாண்ட்கமரிக்கு வெளியூர்களிலிருந்தும் பணம் வந்தது. தேவாலயங்கள் அனுப்பின, தொழிற்சங்கங்கள் அனுப்பின. அதனால் அது கூலிப் போராட்டம் ஆகிவிடவில்லை. பணம் வந்ததா என்பது சோம்பேறிக் கேள்வி. அதைக் கேட்டே எந்தப் போராட்டத்தையும் கொச்சைப்படுத்திவிட முடியும். அரசுகள் அதைத்தான் செய்கின்றன.

நான் கேட்கும் கேள்வி வேறு: பணம் கொடுத்தவரை எதிர்க்க முடியுமா? சில வாரங்களாக 1918 அகமதாபாத் ஆலை வேலைநிறுத்தத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது. 1915இல் காந்தி தம் ஆசிரமத்தில் ஒரு தலித் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார். உடனே நன்கொடைகள் நின்றன. ஆசிரமம் மூடும் நிலைக்கு வந்தபோது ஒரு செல்வந்தர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய். மூன்றே ஆண்டுகளில் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். 35 சதவீதம் வேண்டும் என்று காந்தி அவர்களோடு நின்றார். 20க்கு மேல் தரமாட்டோம் என்றார்கள் முதலாளிகள். முதலாளிகளின் பக்கம் முன்னால் நின்றவர் அதே அம்பாலால். தொழிலாளர்களின் பக்கம் நின்றவர்களில் அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயாவும் ஒருவர்.

இதில் என்னைப் பிடித்து உலுக்குவது காந்தியின் பெருந்தன்மை அல்ல. நடுவில் தொழிலாளர்கள் சோர்ந்துபோனபோது, ‘இவர்களுக்கென்ன, காரில் வருகிறார்கள், போகிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள்’ என்று முணுமுணுத்தார்கள். அது காந்தியின் காதுக்குப் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவர் உண்ணாவிரதம் இருந்தார். அதாவது கீழே இருந்தவர்களால் தலைவரைக் குத்திக்காட்ட முடிந்தது, தலைவரால் கொடுத்தவரை எதிர்க்க முடிந்தது. இந்த இரண்டும் இருந்தால் காசு யாருடையதாக இருந்தால் என்ன? முதலாளிகள் இறங்கிவந்ததில் காந்தி மீதிருந்த பிரியத்துக்கும் பங்குண்டு என்பது உண்மை. அந்த உண்ணாவிரதத்தில் குறை இருந்ததாக அவரே எழுதியும் இருக்கிறார். ஆனால் அந்தக் குறையைச் சொல்ல வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கவில்லை.

இதே கேள்வியை 1993இல் அமெரிக்காவில் தோன்றிய தேசியப் புகைப்பிடிப்போர் கூட்டமைப்பிடம் கேட்டுப் பாருங்கள். பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்தின் பணத்தில், ஒரு விளம்பரத் தொடர்பு நிறுவனம் உருவாக்கிக் கொடுத்தது அது. சாதாரணப் புகைப்பிடிப்பவரின் உரிமைக்குரல் என்று சொல்லிக்கொண்டது. புற்றுநோய் வந்த உறுப்பினருக்கு சிகரெட் நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும் என்று அந்த அமைப்பு ஒரு தீர்மானம் போட்டிருக்க முடியுமா? போட்டிருந்தால் மறுநாள் அலுவலக வாடகையை யார் கட்டியிருப்பார்கள்?

டீ பார்ட்டியா ஆக்குபையா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். டீ பார்ட்டியில் பெரும் தொழிலதிபர்களான கோக் சகோதரர்களோடு தொடர்புடைய அமைப்புகளின் பணம் தாராளமாகப் புழங்கியது. ஆனால் 2014இல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கான்டரைக் கட்சியின் உட்தேர்தலில் தோற்கடித்தது, அவரைவிட மிகக் குறைவாகச் செலவழித்த ஒரு பேராசிரியர். அவருக்குப் பெரிய அமைப்புகள் பணம் தரவில்லை. டீ பார்ட்டிக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். பணம் கொடுத்துச் சேர்த்த கூட்டமும் சில நேரம் சொன்னபடி கேட்பதில்லை. அவர்களுடைய அரசியல் எனக்கு உவப்பானது அல்ல என்பது வேறு விஷயம்.

அடுத்த மாத ஊர்வலத்துக்குப் போங்கள். போகுமுன் பொருளாளர் யார் என்று விசாரித்து, நேரில் பார்த்து, அதிகமாகக் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். பெயரைச் சொன்னால், அவருக்குப் பிடிக்காத எந்தக் கோரிக்கை உங்கள் பட்டியலில் இருக்கிறது என்று அடுத்ததாகக் கேளுங்கள். முகம் சுளித்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் நண்பரின் கருத்து வேண்டாம்.